இட்லிக்கடை மேபல்

டங். டங். டங்.

கேட்டீங்களா தம்பி? கீழே, மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்து. அண்டா விளிம்பில் கரண்டியால் தட்டுகிற சத்தம். கஞ்சி வந்துவிட்டது. இல்லை, உட்காருங்க, ஓட வேண்டாம். இது முதல் தட்டு. வந்து இறக்கியாச்சு என்று சொல்வதற்கு. இனி துவையலைப் பிரித்து, வரிசையை நிறுத்தி, எல்லாம் ஆக அரை மணி நேரம் பிடிக்கும். மறுபடியும் மூன்று தட்டு தட்டுவாள். அப்போது போனால் போதும். முன்னால் போய் நின்றாலும் ஊற்ற மாட்டாள். இந்த ஒழுங்கெல்லாம் நான் ஏற்படுத்தினது. ஆனால் இப்போது போய்க் கேட்டால் யாரும் என் பேரைச் சொல்ல மாட்டார்கள்.

நீங்க பதினைந்தாம் பெட்டு அம்மாவின் மகன்தானே? நேற்றுச் சேர்த்ததாக ரூபி சொன்னாள். ரூபி என் வீட்டுக்காரி, பதினாலாம் பெட்டு. பத்து நாளாகிறது. கால் இரண்டும் ஊதி, முகம் ஊதி, செருப்பு நுழையாமல் வந்தவள். பெண்கள் வார்டு ஆனதால் நாம் இந்த வராந்தா பெஞ்சில்தான் கிடக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுவார்கள். நர்ஸ் நல்ல பெண்தான். கொஞ்சம் சத்தம் போடுவாள்.

நானா? நான் கஞ்சிக்குப் போக மாட்டேன். பத்து நாளில் ஒரு நாளும் போகவில்லை. ரூபிக்கும் எனக்கும் வெளியே கடையில் வாங்குகிறேன். கஞ்சி மோசம் என்று நினைத்துவிடாதீங்க. சிறுபயறும் வெந்தயமும் போட்டு, தேங்காய் துருவி, குழையாமல் இறக்கியிருப்பாள். இந்த ஜில்லாவில் அப்படிக் கஞ்சி கிடையாது. அதை நானே சொல்வேன், எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் அந்தக் கையால் வாங்க மாட்டேன். ஏன் என்று கேட்கிறீங்க. கேட்கவில்லையா? சரி, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்க. அரை மணி நேரம் இருக்கிறதே.

எனக்கு ஐஸ் கம்பெனியில் வேலை தம்பி. மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ். இருபத்திரண்டு வருஷமும் நைட் ஷிப்ட்தான். கம்ப்ரசர் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினால்கூடக் கேட்காது. நான் ஜெபம் பண்ணப் பழகினது அங்கேதான். யாரும் சொல்லித் தரவில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அந்த இரைச்சலுக்கு மேலே என் ஜெபம் எனக்காவது கேட்க வேண்டும் என்று சத்தமாகப் பண்ணிப் பண்ணி, குரல் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் கோயிலில் மைக் கெட்டுப்போன நாளெல்லாம் ஜெபிக்க என்னைத்தான் எழுப்புவார்கள்.

நீங்க கிறிஸ்தவங்களா? இல்லையா. பரவாயில்லை, சொன்னால் புரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் விண்ணப்ப ஜெபம் என்று ஒன்று உண்டு. சபையில் ஒருவர் எழுந்து எல்லாருக்காகவும் கடவுளிடம் கேட்பது. மற்றவர்கள் எப்படிக் கேட்பார்கள் தெரியுமா? "வியாதியஸ்தர் எல்லாரையும் ஆசீர்வதியும்." அவ்வளவுதான். எல்லாரையும் என்றால் யாரை? ரேஷன் கடையில் போய், "எல்லாருக்கும் சீனி போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் வீட்டுக்குச் சீனி வருமா? நான் அப்படிப் பண்ண மாட்டேன். என் ஜெபம் பேர் சொல்லி ஜெபம். யாருக்கு, எந்தத் தெரு, என்ன நோய், எந்தக் கால், வலதா இடதா, ஆபரேஷன் எத்தனை மணிக்கு. ஒரு நோட்டு வைத்திருப்பேன், ஆனால் அதைப் பார்த்துப் படிக்க மாட்டேன். நாற்பது பேர் இருந்தாலும் நாற்பதும் வாயில் வரும். ஜனங்கள் என் சட்டைப் பையில் சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள். "நேசன் அண்ணாச்சி, மறந்திராதீங்க." நேசன் என்பது நான். சத்தியநேசன்.

இதில் பொறாமைக்காரர்களும் உண்டு. துரைராஜ் என்று ஒரு கிளார்க். மகனுக்கு இஞ்சினியரிங்கில் ஆறு பேப்பர் அரியர். வீட்டில் ஒரு பிறந்தநாள் ஜெபத்துக்குப் போன இடத்தில் அவர் சம்சாரம் சொல்லி அழுதாள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேப்பரையும் பேர் சொல்லி ஜெபித்தேன். பேப்பர் பேர் சரியாக வர வேண்டும் என்று ஒரு பையனிடம் எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணினேன் தம்பி. அன்றைக்குப் பார்த்து துரைராஜ் மகனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தார்களாம். எனக்கு என்ன தெரியும்? துரைராஜ் இன்றுவரை என்னைக் கண்டால் ரோட்டைத் தாண்டிப் போகிறார். பையன் ஆறும் பாஸ். அதை ஒருத்தரும் சொல்வதில்லை.

சரி, மேபலுக்கு வருகிறேன். கீழே கரண்டியோடு நிற்கிறாளே, அவள்தான்.

நாலாம் தெருவில் இட்லி விற்கிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒரு மகள், வெளியூரில் ஹாஸ்டலில் நின்று நர்சிங் படிக்கிறாள். வாசலில் ஒரு பெஞ்சு, உள்ளே இட்லிப் பானை, காலை ஒன்பதுக்குள் வியாபாரம் முடிந்துவிடும். எங்கள் சபையில் கஞ்சி ஊழியம் ஆரம்பித்தபோது நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். இங்கே நோயாளிக்கு ஆஸ்பத்திரியிலேயே ரொட்டியும் பாலும் உண்டு, கூட வந்து கிடக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமைதோறும் அவர்களுக்குக் கஞ்சி என்று ஏற்பாடு. சபையிலிருந்து அரிசி, பயறு. மேபலின் கை. நான் முன்னால் நின்று ஜெபித்து, அண்டாவில் மூன்று தட்டு தட்டி ஆரம்பிப்பேன். நாலு வருஷம் அப்படி நடந்தது. நல்ல காலம் தம்பி அது. என்னை அண்ணே, அண்ணே என்று கூப்பிடுவாள். நான் கூடப்பிறந்தவளாகத்தான் நினைத்தேன். அதனால்தான் சொல்கிறேன், அந்நியர் செய்தால் இவ்வளவு வலிக்காது.

போன வருஷம் ஆடி மாதம். மேபல் மூன்று வாரம் ஊரில் இல்லை. அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் மறுநாளைக்கு விறகு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

"என்ன மேபல், உடம்பு பாதியாப் போச்சே. அக்கா சோறு போடலியா?"

"போட்டாண்ணே."

"போட்டவ வீட்டுலேர்ந்து இப்படியா வருவாவ?"

சுளகைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வெளியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள்.

"அங்க வச்சு சளி டெஸ்ட் எடுத்தாவண்ணே. டிபின்னுட்டாவ. இடது பக்கம். ஆறு மாசம் மாத்திரை. மூணு வாரமும் பாத்திரத்தத் தொடல. இனி அடுத்தவங்களுக்குப் பரவாது, நீ வேலைக்குப் போலாம்னு டாக்டரு சொன்ன பொறவுதான் பஸ் ஏறுனேன்."

நான் அப்படியே விறகுக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"மவளுக்குக்கூடச் சொல்லலண்ணே. பரீச்ச நேரம். உங்ககிட்டதான் சொல்லுதேன். என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுங்க."

கேட்டுக்கொள்ளுங்க. என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. அவள் வாயால் சொன்னது. எனக்கு இரைச்சலில் வேலை பார்த்துக் காது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் அன்றைக்குக் கொட்டகையில் எந்தச் சத்தமும் இல்லை. பேரைச் சொல்லி. இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிக் கேட்பது?

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை முழுக்க உபவாசம் இருந்தேன். கம்பெனியில் அவளுக்காகவே ஜெபித்தேன். அதோடு விட்டிருக்கலாமே என்றுதான் பிறகு எல்லாரும் சொன்னார்கள். தனியாக ஒருத்தன் கேட்பதும் நானூறு பேர் ஆமென் சொல்லிக் கேட்பதும் ஒன்றா? நீங்களே சொல்லுங்க. உங்கள் அம்மாவுக்காக ஒருவன் கையெழுத்துப் போட்டால் போதுமா, ஊரே கையெழுத்துப் போட்டால் நல்லதா?

ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். முதலில் மற்ற பேர்களையெல்லாம் முடித்துவிட்டு அவள் பேருக்கு வந்தேன். எங்கள் சபையில் மேபல் இரண்டு பேர். ஒருத்தி போஸ்ட் ஆபீஸ் மேபல், கல்லு மாதிரி இருப்பாள். ஆமென் சொல்கிறவர்கள் மனதில் தப்பான ஆள் வந்துவிடக்கூடாது பாருங்க. அதனால் தெளிவாகச் சொன்னேன். "ஆண்டவரே, உமது மகள் மேபல், நாலாம் தெரு இட்லிக்கடை மேபல், இடது நுரையீரலில் டிபி நோயினால் கஷ்டப்படுகிறாள். ஆறு மாத மாத்திரையையும் நீரே ஆசீர்வதியும். அவள் இருமல் நிற்கட்டும்." அன்றைக்கு எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஆமென் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. உருக்கத்தில் வாயடைத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அது மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து உண்டு. அப்பத்தில் ஒரு துண்டும், ஒரே வெள்ளிக் கிண்ணத்திலிருந்து எல்லாருக்கும் ஒரு வாய் திராட்சரசமும். வரிசையாகப் போய் முழங்கால் போட வேண்டும். மேபல் எப்போதும் பெண்கள் வரிசையில் முன்னாலேயே நிற்பாள். அன்றைக்கும் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி முன்னால் போனார்கள். யாரும் இடிக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் போனார்கள். அவள் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் அவள் ஒருத்திதான் நின்றாள். ஐயர் கிண்ணத்தோடு காத்து நிற்கிறார். எங்கள் போதகரை ஐயர் என்போம். கிங்ஸ்லி ஐயர், சின்ன வயசு. அவள் அவரைப் பார்த்தாள். திரும்பி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திருவிருந்து எடுக்காமல் போகிறாளே, மனதில் ஏதோ பாவம் உறுத்துகிறது போலிருக்கிறது என்று நினைத்து, அதற்காகவும் ஒரு ஜெபம் பண்ணினேன். மெதுவாகத்தான். பக்கத்து வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை காலையில் கஞ்சிக் கமிட்டி கூடினது. தலைவி வயலட் டீச்சர், ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ். மேபல் கஞ்சியைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"நமக்கு மேபல் மேல ஒரு வருத்தமும் கிடையாது," என்று டீச்சர் ஆரம்பித்தார்கள். "நோயாளிங்க இருக்கிற இடத்துக்குப் போற கஞ்சி. நாளைக்கு ஒண்ணுன்னா சபைக்குத்தான பேரு கெடும்?"

கிங்ஸ்லி ஐயர், டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னார். பரவுகிற கட்டம் தாண்டியாச்சு, சாப்பாட்டால் இது பரவவே பரவாது என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்து ஒரு டம்ளர் கஞ்சி மொண்டு, எல்லாருக்கும் முன்னால் நின்று குடித்தார்.

"ஐயா சின்னப் பிள்ளையிலயே எல்லா ஊசியும் போட்டிருப்பாவ," என்றார்கள் டீச்சர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் மேபல் பக்கம்தான் பேசினேன் தம்பி. அதை அவள் நினைத்துப் பார்க்க வேண்டாமா? "சபையே ஜெபிச்சாச்சு, இனி என்ன பயம்?" என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்கள். "அப்ப அண்ணாச்சி வீட்டுக்கு மூணு வேளையும் மேபலே வந்து ஆக்கட்டும். ரூபிகிட்ட நான் சொல்லிரட்டுமா?"

நான் என்ன சொல்ல முடியும்? ரூபி அப்போதே பலவீனம். அவளைக் கேட்காமல் எப்படிச் சரி என்பது? உட்கார்ந்துவிட்டேன். மேபல் அங்கேயே நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். அன்றைய கஞ்சியைக் கோயில் தென்னைமரத்து மூட்டில் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை டீச்சரே காய்ச்சினார்கள். ஒன்று அடிப்பிடித்தது, ஒன்று வேகவில்லை. மூன்றாவது வாரத்தோடு சபைக் கஞ்சி நின்றது.

இட்லி வியாபாரமும் படுத்துவிட்டதாம். மாவு புளித்துப் புளித்துக் கொட்டினாளாம். அதற்கும் நான்தான் காரணம் என்று ஊரில் பேச்சு. வாங்காமல் போனவன் அவனவன் காலால் போனான். நானா வாசலில் நின்று மறித்தேன்?

ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவள் வீட்டுக்குப் போனேன். சும்மா போகவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் பெஞ்சைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"மேபல், மனசத் தளர விடாத. இன்னும் உருக்கமா ஜெபிப்போம்."

"மவ போன் பண்ணுனா," என்றாள். "ஹாஸ்டல்ல யாரோ சொல்லிட்டாவளாம். எனக்கு ஏம்மா சொல்லலன்னு ஒரே அழுகை. பரீச்சைக்குப் போவல."

"நீதான பேரச் சொல்லி ஜெபிக்கச் சொன்ன?"

அவள் என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஆண்டவருக்கு இட்லிக்கடைன்னு அடையாளம் சொல்லணுமாண்ணே?"

இது என்ன கேள்வி? நீங்களே சொல்லுங்க. மேபல் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். போஸ்ட் ஆபீஸ் மேபலைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். சரி, வந்தது வந்தோம், ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று கண்ணை மூடினேன்.

"இங்க வேண்டாண்ணே."

கண்ணைத் திறந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. பழம் என் கையிலேயே இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ வீட்டு வாசலில் ஜெபம் வேண்டாம் என்று கேட்டது என் ஆயுசில் அன்றைக்குத்தான். துரைராஜ்கூட அந்த வார்த்தை சொன்னதில்லை.

அதோடு போகவில்லை. கிங்ஸ்லி ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். டீ கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, இனிமே விண்ணப்ப ஜெபத்த எழுதிட்டு வந்து, எங்கிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் பண்ணுங்களேன்."

"ஜெபத்துக்கு சென்சாரா ஐயா?"

"சென்சார் இல்ல. தபால் மாதிரி வச்சுக்குங்க. சில தபால உறைக்குள்ள போட்டு ஒட்டித்தான அனுப்புறோம்?"

"நான் போஸ்ட் கார்டுன்னு சொல்லுதியளா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இருபது வருஷம் சபைக்காகத் தொண்டை கிழியக் கேட்டவன் நான். எத்தனை பேர் குணமாகி நடக்கிறார்கள். இப்போது எட்டாம் வகுப்புப் பையன் கட்டுரை எழுதி வாத்தியாரிடம் திருத்தி வாங்குகிற மாதிரி நான் எழுதிக்கொண்டு போய் நிற்க வேண்டுமாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அன்றிலிருந்து கடைசி வரிசை. யாரும் என் பையில் சீட்டுச் செருகுவதில்லை. முதல் வாரம் யாராவது கேட்பார்கள், "ஏன் அண்ணாச்சி எழும்பல?" என்று நினைத்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை தம்பி. அது எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

இதையெல்லாம்கூட மறந்திருப்பேன். பெரிய விஷயம் இனிமேல்தான். மேபல் குணமாகிவிட்டாள். ஆறு மாதம் முடிந்து டெஸ்ட் எடுத்து, சுத்தமாக ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்துக்கு ஜெபித்து அது நடந்தால், அந்த ஆள் சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். "இன்ன நோய் இருந்தது, ஜெபித்தார்கள், சுகமானேன்," இவ்வளவுதான், இரண்டு நிமிஷம். மாதத்தின் கடைசி ஞாயிறு அதற்கென்றே நேரம் விடுவார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, கடைசி வரிசையை விட்டு நடுவில் வந்து உட்கார்ந்தேன். அவள் வந்திருந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்தாள். எழும்பவில்லை. மறுமாதமும் போனேன். அப்போதும் எழும்பவில்லை. மூன்றாம் மாதம் கடைசி ஜெபம் முடியும் முன்பே போய்விட்டாள். நானூறு பேர் ஆமென் சொல்லி வாங்கிக் கொடுத்த சுகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி என்று ஒரு வார்த்தை இல்லாமல் போகிறாள். என் பேரைச் சொல்லச் சொன்னேனா? ஆண்டவர் பேரைச் சொன்னால் போதுமே. சரி, என் பேரையும் சொல்லியிருக்கலாம். தப்பில்லையே.

மாத்திரை வாங்க மாதாமாதம் இங்கே வந்து போனவள், அப்படியே இங்கே கஞ்சி கொண்டுவர ஆரம்பித்துவிட்டாள். சபையைக் கேட்கவில்லை, கமிட்டியைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு பாத்திமுத்துவும் அவளுமாக அரிசி போட்டு, வாரத்தில் மூன்று நாள். அதே அண்டா அளவு, அதே மூன்று தட்டு. நான் நின்ற இடத்தில் இப்போது பாத்திமுத்து துவையல் வைக்கிறாள். தொடங்கும்போது ஜெபம்கூடக் கிடையாதாம். மேபல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாளாம். அது ஜெபமா, அலுப்பா என்று யாருக்குத் தெரியும்?

நீங்க கேட்கலாம், ரூபிக்கு இப்போது யார் ஜெபிக்கிறார்கள் என்று. நான்தான். சபைக்கு நான் சொல்லவில்லை. ஐயருக்குக்கூடத் தெரியாது. ரூபி வரும்போதே சொல்லிவிட்டாள், "எனக்கு இதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாது, ஆமா" என்று. அவள் சொல்வதும் நியாயம்தானே தம்பி. சிறுநீரகம், அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட், ஒரு பொம்பளை உடம்பு விஷயத்தை ஊரெல்லாம் போட்டு... ஆளாளுக்கு ஒன்று பேசுவார்கள். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும்.

டங். டங். டங்.

இதுதான். போங்க, போங்க. படியில் மெதுவாக, ஈரமாக இருக்கும். ஒரு நிமிஷம் தம்பி. ஒரு உதவி. கடைக்காரன் இன்றைக்கு அடைத்துப் போட்டிருக்கிறான், யாரோ செத்துவிட்டார்களாம். ரூபி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இந்தத் தூக்குவாளியிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்க. யாருக்கு என்று கேட்டால் பதினாலாம் பெட்டுக்கு என்று மட்டும் சொல்லுங்க, போதும். எனக்காக இல்லை. ரூபிக்காக.

வந்துவிட்டீங்களா? கூட்டம் ஜாஸ்தியோ? வாங்க, உள்ளே விடுகிற நேரம்தான், போவோம். உங்கள் அம்மா எழுந்து உட்கார்ந்திருக்கிறார்களே, முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. ரூபி, இது பதினைந்தாம் பெட்டுத் தம்பி.

என்ன இது, மூடி போட்ட வேறு ஏனம்? என் தூக்குவாளி காலியாக அல்லவா இருக்கிறது. அவள் என்ன சொன்னாள்? நன்றாகச் சொல்லுங்க. "பதினாலா, அதத் தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்றாளா? தனியாகவா? யார் என்று கேட்கவே இல்லையா?

கொடுங்க பார்ப்போம். ரூபிக்குக் கொடுக்கும் முன்னால் நான் ஒரு வாய்.

உப்பு இல்லை தம்பி.

ஒரு கல்லு உப்பு இல்லை. நாலு வருஷம் அவள் கஞ்சி குடித்தவன் நான், ஒரு நாள் உப்பு கூடிக் குறைந்தது கிடையாது. உங்கள் அம்மா கஞ்சியில் இருக்கிறதா? ஒரு சொட்டு கையில் விடுங்க. இருக்கிறது. நல்லா இருக்கிறது. பார்த்தீங்களா? இவ்வளவு நேரம் சொன்னேனே, நம்பினீங்களா? எனக்குச் செய்தது போதாது என்று நோயாளிக்குப் போகிற கஞ்சியில் பழி தீர்க்கிறாள். யார் என்று தெரிந்துதான் செய்திருக்கிறாள். இதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து...

என்ன சொல்லுதிய?

எங்கே? கட்டில் கால்மாட்டிலா? இந்த அட்டை எப்போது மாட்டினது? காலையில் டாக்டர் வரும்போது நான் வராந்தாவில் தூங்கிக்கொண்டிருப்பேன். ராத்திரி வேலை. ராத்திரி ரூபியின் தங்கச்சிதான் கூட இருப்பாள். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. என்ன எழுதியிருக்கிறது, நீங்களே படியுங்க.

உப்பு கூடாது.

நேற்றுத் தேதியா?

ரூபி. மேபல் இங்க வந்தாளா?

எப்ப?

தினமுமா?

நான் வெளிய கிடக்கும்போதேவா? என்னத் தாண்டித்தான வந்திருப்பா? என்ன பேசுவிய? ஒண்ணும் பேசலன்னா, பத்து நாளா எங்கிட்ட ஏன் சொல்லல ரூபி?

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள், பார்த்தீங்களா. "சொல்லணும்னு தோணல" என்கிறாள். இருபத்தாறு வருஷம் ஆகிறது தம்பி எங்களுக்குக் கல்யாணம் ஆகி. சொல்லத் தோன்றவில்லையாம்.

இல்லை, நீங்க உட்காருங்க. உங்கள் அம்மாவுக்குக் கொடுங்க. ஆறிப்போகும்.

ரூபி, திரும்பு. தலகாணிய நிமித்துதேன், கொஞ்சம் மேல வா. அந்தத் துண்டக் குடு, கழுத்துக்குக் கீழ வைக்குதேன். சூடு இல்ல, ஊதிட்டேன்.

ஜெபமா? தொண்ட கட்டியிருக்கு. நீ வாயத் திற.